படிக்கட்டும் எல்லைக்கோடும்

(ராஜாஜி பிறந்த நாளன்று தொரப்பள்ளியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று டிசம்பர் 10. 1878-இல் இதே நாளில் இந்த ஊரில் பிறந்தவர்தான் பின்னாளில் நாட்டின் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கி வைத்திருக்கிறது. அவரைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டவர்கள் கேட்டது வேறு. பஸ்ஸிலும் ரயிலிலும் தினம் போய் வருகிற பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள்.

ராஜாஜிக்கு இதைவிட நல்ல மரியாதை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் யாராவது ஒருவர் வண்டி ஏறாத வீடு இருக்கிறதா? மூக்கண்டப்பள்ளி சிப்காட்டுக்கு ஒருவர், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவுக்கு ஒருவர், கல்லூரிக்கு ஒருவர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கோ ஊருக்குப் போவதென்றாலே இரண்டு நாள் ரயில்.

இந்த டிசம்பர் 10-க்கு இன்னொரு நினைவும் உண்டு. 2012-இல் இதே தேதியில் சென்னை பெருங்குடி அருகே மாநகரப் பேருந்தில் தொங்கியபடி சென்ற மாணவர்களில் நான்கு பேர் லாரி மோதி இறந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பேருந்துகளுக்குக் கதவு வேண்டும் என்ற பேச்சு அப்போது பலமாகக் கிளம்பியது. அதற்குப் பிறகு எத்தனையோ புது வண்டிகள் வந்துவிட்டன. காலை ஐந்தரை மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் போய் நின்று பாருங்கள், தொங்குகிற பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள்.

படியில் தொங்குகிறவனைத் திட்டுவது சுலபம். வீரம் காட்டுகிறான், பெண் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்று தொங்குகிறான் என்பார்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மணி ஷிப்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளம் போகும் என்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வண்டியை விட்டால் வேறு கதியில்லை. உள்ளே இடம் இருந்தால் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள் என்றும் நான் சொல்லவில்லை. உள்ளே இடமே இல்லாதபோது எல்லாப் பழியையும் நிற்கிறவன் தலையில் கட்டுவது நியாயமில்லை என்கிறேன். குற்றத்தில் பாதி பயணியுடையது, பாதி கால அட்டவணையுடையது. பயணியின் பாதியை இங்கே பேசிவிடுகிறேன், அட்டவணையின் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

படிக்கட்டு ஏன் ஆபத்து என்பதை 2018 ஜூலை 24 நன்றாகக் காட்டியது. சென்னையில் அன்று காலை மின்கம்பி அறுந்ததால், புறநகர் ரயில்களை விரைவு ரயில்கள் ஓடும் பாதைக்கு மாற்றி விட்டார்கள். கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் வண்டி பரங்கிமலை நிலையத்துக்குள் நுழைந்தபோது, படியில் தொங்கியவர்கள் பாதையோரத்து கான்கிரீட் சுவரில் அடிபட்டார்கள். அன்று நான்கு பேர் இறந்தார்கள். வழக்கமான பாதையில் அந்தச் சுவர் உடம்புக்கு எட்டாது. தினமும் தொங்கிப் பழகியவர்களுக்கு அப்படியொரு சுவர் இருப்பதே நினைவில் இருந்திருக்காது. பழக்கம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தப் பாதையும் அந்த வேகமும் மாறாதவரைதான். ரயில் தண்டவாளம் மாறிய ஒரே நாளில் பழக்கம் கைவிட்டுவிட்டது.

2025 ஜூன் 9 அன்று மும்பைக்கு அருகே மும்ப்ராவில், வளைவில் இரண்டு மின்ரயில்கள் ஒன்றையொன்று கடந்தபோது, வாசலில் தொங்கியவர்கள் கீழே விழுந்தார்கள். அங்கும் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் ஏசி இல்லாத மும்பை ரயில்களுக்கும் தானாக மூடும் கதவு வைக்கிறோம் என்று ரயில்வே அறிவித்தது. யாராவது செத்த பிறகுதான் கதவு நினைவுக்கு வருகிறது நம் நாட்டில்.

நம் ஊர் வழியாகவும் ஒரு கதவுள்ள ரயில் போகிறது. 2023 டிசம்பர் 30-இல் தொடங்கிய கோவை - பெங்களூரு வந்தே பாரத். அதில் கதவு மூடாமல் வண்டி நகராது. அதில் வேறொரு வேடிக்கை உண்டு: வழியனுப்ப வந்தவர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கப் போய், கதவு மூடிக்கொள்ள, வேட்டியோடு பெங்களூர் வரை போக வேண்டி வந்துவிடும். வழியனுப்பினால் நடைமேடையிலேயே நில்லுங்கள்.

கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடி ஏறுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பட்டி கைப்பிடியில் மாட்டினால் கழுத்தைத்தான் இழுக்கும். துப்பட்டாவும் அப்படியே. கேட்டைத் தாண்டியதும் அட்டையைச் சட்டைப் பைக்குள் போடுங்கள். உங்கள் பெயர், வேலை செய்யும் இடம், படம் எல்லாவற்றையும் பஸ்ஸில் இருக்கிற முன்பின் தெரியாதவருக்குக் காட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. முதுகுப் பையை மாரில் போட்டுக்கொள்ளுங்கள், இறங்கும்போது சிக்காது.

இறங்கிய பிறகு வருவதுதான் இந்த நெடுஞ்சாலைக்காரர்களுக்குப் பெரிய கண்டம். பல வண்டிகள் சர்வீஸ் சாலைக்குள் வராமல் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையிலேயே நிறுத்தி இறக்கிவிடுகின்றன. இறங்கியவர்கள் அந்த வண்டிக்கு முன்னாலேயே குறுக்கே ஓடுகிறார்கள். பின்னால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு நிற்கிற பஸ்தான் தெரியும், அதன் முன்னிருந்து வெளிப்படுகிற ஆள் தெரியாது. வண்டி போகட்டும். அதன் பிறகு இரண்டு பக்கமும் பாருங்கள். அந்த அரை நிமிடம் தாமதமானால் எந்த மேலாளரும் சம்பளத்தைப் பிடிக்க மாட்டார்.

இந்த 44-ஐப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற சாலை, நம் வயல்களுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. 2013 அக்டோபர் 30 விடியற்காலை, பெங்களூரிலிருந்து ஐதராபாத் போன தனியார் சொகுசுப் பேருந்து பாலெம் என்ற இடத்தில் தீப்பிடித்து 45 பேர் இறந்தது இதே சாலையில். 2025 அக்டோபர் 24 அன்று கர்னூல் அருகே, ஐதராபாத்திலிருந்து பெங்களூர் வந்த படுக்கைப் பேருந்து, சாலையில் கிடந்த மோட்டார் சைக்கிளை அடியில் இழுத்துச் சென்றதில் தீப்பிடித்து 19 பயணிகள் இறந்ததும் இதே சாலையில். அவ்வளவு தூரம் போவானேன்? 2016 ஜூன் 3 அன்று நம் சூளகிரி அருகே மேலுமலையில் கண்டெய்னர் லாரி தனியார் பேருந்தின் மேல் மோதி 17 பேர் இறந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட மோதலில் பயணியின் கையில் ஒன்றும் இல்லை. தீ பிடித்தால் மட்டும் சற்று இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மதுரைக்கும் நெல்லைக்கும் ஆம்னி பஸ் ஏறுகிறவர்கள், போர்வையை இழுத்துப் போர்த்துவதற்கு முன்னால் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடியை நடுவில் அடித்தால் சுலபத்தில் உடையாது, மூலையில் அடிக்க வேண்டும். சுத்தியல் மாட்டும் இடத்தில் வெறும் ஆணிதான் இருக்கிறது என்றால் ஏறும்போதே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

தீ என்றதும் பட்டாசு. இது எல்லைப் பகுதிக்கே உரிய ஆபத்து. தீபாவளி சமயம் ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் வரிசையாகக் கடைகள் முளைக்கும், பெங்களூரிலிருந்தெல்லாம் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிக் கடையில் தீப்பிடித்து இறந்தவர்களில் பெரும்பாலோர் விடுமுறை வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பையன்கள். கடையே அப்படியென்றால், அதே சரக்கைத் துணிப்பையில் போட்டு டவுன் பஸ்ஸின் சீட்டுக்கு அடியில் வைக்கிறவர்களை என்ன சொல்ல? ரயிலில் பட்டாசு, பெட்ரோல், கேஸ் எதையும் கொண்டுபோகக் கூடாது. ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மதுரையில் 2023 ஆகஸ்ட் 26 அன்று நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரைப் பற்றவைத்ததில் 9 பேர் கருகினார்கள். வண்டி ஓடக்கூட இல்லை.

இனி ரயில். நம் ஓசூர் நிலையம் தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் நிர்வாகம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்திடம். 2015 பிப்ரவரி 13 காலை பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன இன்டர்சிட்டி ஆனேக்கல் அருகே தடம் புரண்டது. டி-8 பெட்டி நசுங்கி ஒன்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2021 நவம்பர் 12 விடியற்காலை கண்ணூர் - யஷ்வந்த்பூர் வண்டி தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே, மலைச்சரிவிலிருந்து விழுந்த பாறைகளால் தடம் புரண்டது. ஏழு பெட்டிகள் தடம் விலகியும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. பெட்டியின் தரம் உயிரைத் தீர்மானிக்கிறது. விபத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற பழைய ரகப் பெட்டிகளைக் கட்டுவதை 2018-இல் பெரம்பூர் தொழிற்சாலை நிறுத்திவிட்டது. கட்டுவதை நிறுத்தினார்கள் என்றுதான் சொன்னேன். ஓடுவது நிற்கவில்லை, ஏறும்போது பெட்டியைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் நம் கைக்கு மீறியது. நம் கையில் இருப்பது சங்கிலி. 2024 மே 2 இரவு, எழும்பூரிலிருந்து கொல்லம் போன வண்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண் விருத்தாசலத்துக்கு முன்னால் வாசல் வழியே விழுந்து இறந்துபோனார். அந்தப் பெட்டியின் அபாயச் சங்கிலி வேலை செய்யவில்லை, அடுத்த பெட்டிக்கு ஓடி இழுத்தோம் என்று உறவினர்கள் சொன்னார்கள். வண்டி நிற்பதற்குள் பல கிலோமீட்டர் கடந்துவிட்டது. ஆகவே ஒரு சங்கிலி பேசவில்லையென்றால் நின்று பிரார்த்தனை செய்யாதீர்கள், அடுத்த பெட்டிக்கு ஓடுங்கள். ஓடும்போதே ஒருவர் 139-க்குப் போன் போடட்டும். இடம் சொல்லத் தெரியவில்லையே என்பீர்கள். பாதையோரத்து மின்கம்பம் ஒவ்வொன்றிலும் கிலோமீட்டரும் கம்ப எண்ணும் எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொன்னால் போதும், தேடுகிறவர்கள் நேரே அங்கே வருவார்கள். போன் விழுந்தாலும் அதே எண்ணைக் குறித்துச் சொல்லுங்கள். அதற்காகச் சங்கிலியை இழுக்காதீர்கள். காரணமில்லாமல் இழுத்தால் 141-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் வரும்.

யாரும் சொல்லித்தராத ஒரு விஷயத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன். ரயிலிலிருந்து ஒருவர் தவறி விழுந்து இறந்தால், பெரும்பாலான குடும்பங்கள் 'அவன் தப்பு, வாசலில் நின்றான்' என்று தலைவிதியை நொந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுகின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு, யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு தரச் சொல்கிறது. 2017 ஜனவரி 1 முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். வாசலில் நின்றது கவனக்குறைவாக இருக்கலாம், குற்றமல்ல, அதனால் இழப்பீடு போகாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஏறும்போது தவறி விழுந்தாலும் அப்படித்தான் என்று 2008-இலேயே சொல்லியிருக்கிறது. சடலத்தின் சட்டைப் பையில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் 'அவர் பயணியே இல்லை' என்று தள்ளிவிட முடியாது என்று 2018-இல் சொன்னது. ரயில்வே தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும், அவ்வளவுதான். உயிருக்கு விலை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சம்பாதிக்கிறவர் போன வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இழப்பீட்டுக்கு விதிவிலக்குகள் உண்டு. தற்கொலை, தானே செய்துகொண்ட காயம், குற்றச் செயல், பிறகு குடிபோதையில் செய்த காரியம். நம் ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் அப்போது அதில் அடக்கம். மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. குடித்துவிட்டு ரயில் வாசலில் நின்று விழுந்தால் பெண்டாட்டி பிள்ளைக்கு அந்த 8 லட்சமும் கிடைக்காமல் போகலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

பெண்களுக்குச் சொல்ல நினைத்ததில் முதலாவது, கேட்பதற்கு நேர்மாறாக இருக்கும். காலியான பெண்கள் பெட்டி பாதுகாப்பானது அல்ல. 2025 பிப்ரவரி 6 அன்று கோவை - திருப்பதி இன்டர்சிட்டியில் பெண்கள் பெட்டியில் வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுடன் இருந்த மற்ற பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டார்கள். அங்கே ஏறிய ஒருவன் அவரிடம் அத்துமீறப் பார்த்து, கே.வி. குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து வெளியே தள்ளினான். அவர் உயிர் பிழைத்தார், வயிற்றுக் குழந்தை பிழைக்கவில்லை. அவனுக்கு அதே ஆண்டு ஜூலையில் ஆயுள் தண்டனை கிடைத்தது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின் கடைசியில், பக்கத்துப் பெட்டிக்குப் போக வழியில்லாமல் மாட்டப்பட்டவை. உள்ளே தனியாகிவிட்டால் வெளியேற அடுத்த நிலையம்தான். ஆகவே கூட இருந்தவர்கள் இறங்கினால் நீங்களும் இறங்குங்கள், ஆள் நிறைந்த பொதுப் பெட்டிக்கு மாறிவிடுங்கள். மும்பையில் இரவு நேரம் பெண்கள் பெட்டியில் காவலர் ஏறுகிறார். இங்கே ஏன் கூடாது என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

பேருந்திலும் இதுதான் கணக்கு. கூட்டம் குறையக் குறைய பின் சீட்டை விட்டு முன்னால் வந்து ஓட்டுநருக்குப் பின்னால் உட்காருங்கள். யாராவது சீண்டினால் நடத்துநரிடம் சத்தமாகச் சொல்லுங்கள், மெதுவாகச் சொன்னால் அவரும் மெதுவாகத்தான் எடுத்துக்கொள்வார். தமிழ்நாட்டில் 1998-இல் வந்த பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம், புகார் சொன்னால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போய்த் தகவல் தர வேண்டும் என்று ஓட்டுநர் நடத்துநருக்குக் கடமை விதித்திருக்கிறது. இதைத் தெரியாத நடத்துநர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

எல்லைக்கோடு என்று தலைப்பிலேயே சொன்னேன். அந்தச் சட்டம் ஜூஜூவாடி வரைதான். அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் அது இல்லை, நாடு முழுவதற்குமான பாரதிய நியாய சன்ஹிதா மட்டுமே உண்டு. 2021 மே முதல் இங்கே சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் சக்தி என்ற இலவசப் பயணத் திட்டம், ஆனால் அது அந்த மாநிலத்துப் பெண்களுக்கு. ஓசூரிலிருந்து பெங்களூருக்குத் தினம் போகும் பெண்ணுக்கு வெளிமாநில வண்டியில் இரண்டும் உதவாது. காசு மிச்சப்படுத்த அத்திப்பள்ளியில் இறங்கி வண்டி மாறுகிறவர்கள் உண்டு. இருட்டில், சாலையோரத்தில் அந்த மாறுதல்தான் பயணத்தின் மிகப் பலவீனமான இடம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டது. உள்ளே ஏறிவிட்டால் விளக்கு, கேமரா, காவலர் எல்லாம் உண்டு. பொம்மசந்திராவிலிருந்து நம் வீடு வரைக்கும்தான் ஒன்றும் இல்லை.

குற்றம் நடந்தது கர்நாடகத்துச் சந்தாபுராவில், இறங்கியது ஓசூரில். போலீஸ் என்ன சொல்லும்? 'அது எங்கள் எல்லை இல்லை, அங்கே போய்க் கொடுங்கள்.' 2024 ஜூலை 1 முதல் அப்படிச் சொல்ல முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். பதிவு செய்த நிலையம் உரிய இடத்துக்கு அனுப்பிக்கொள்ளும், அலைவது அவர்கள் வேலை. 112-க்குப் போன் செய்யும்போதும் இங்கே ஒரு சிக்கல் வரலாம். போன் கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் கன்னடத்தில் பதில் வரும். வைத்துவிடாதீர்கள். இடத்தின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், தமிழிலோ தெலுங்கிலோ. ஓசூர்க்காரர்களுக்கு மொழி ஒரு தடையா என்ன! பெண்களுக்கான 181-உம் இரவு பகலாக வேலை செய்கிறது.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப்போகப் பயப்படாதீர்கள். உதவுகிறவரை விசாரணை என்று இழுத்தடிக்கக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரிலிருந்து அரசுத் திட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் 'முதலில் பணம் கட்டுங்கள்' என்றால் அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், இன்னுயிர் காப்போம். கோட்டுக்கு அந்தப் பக்கம் அடிபட்டால், 2025 மே 5-இல் வந்த மத்திய அரசின் பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. கட்டணமில்லா டிக்கெட்தானே என்று கசக்கி எறிகிற அக்காமார்களே, நீங்கள் அந்த வண்டியில் இருந்ததற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. வீடு போய்ச் சேரும்வரை வைத்திருங்கள்.

திருட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோரம் போனைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள், வண்டி நகரும்போதுதான் பிடுங்குவார்கள். முன்பின் தெரியாதவர் தரும் பிஸ்கட்டும் டீயும் வேண்டாம். வடக்கே போகிற தம்பிகள் இரண்டு நாள் பயணத்தில் சிநேகம் பிடிப்பது இயல்பு, சாப்பாடு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

கடைசித் தூரம் நம் ஊருக்கே உரியது. பேரண்டப்பள்ளி நிறுத்தத்தில் இரவு பத்தரைக்கு இறங்குகிற பிள்ளைக்கு சென்னைப் பிள்ளைக்கு இல்லாத ஒரு கவலை இருக்கிறது. இப்போது ராகி அறுவடை. சானமாவுக் காட்டில் யானைகள் வந்து தங்கும் காலம், இருட்டியதும் அவை வயலுக்கு இறங்குகின்றன, 44-ஐயே கடக்கின்றன. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வயல் குறுக்கே நடந்தால் பக்கத்தில் நிற்பது மரமா யானையா என்று தெரியாது. குறுக்கு வழி வேண்டாம், தனியாக வேண்டாம். வனத்துறை எச்சரிக்கை விட்ட இரவு, வீட்டிலிருந்து ஒருவர் வண்டியோடு நிறுத்தத்துக்கு வரட்டும். அண்ணன்மார்கள் அந்த வேலையை அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

கால அட்டவணையின் பாதி என்று சொல்லி வைத்தேன். பெண்கள் இரவு ஷிப்ட் வேலை செய்யலாம் என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதே போக்குவரத்து வசதியையும் நிபந்தனையாகச் சேர்த்தது. பெரிய கம்பெனிகள் பஸ் விடுகின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறைகளின் ஆட்கள் டவுன் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறார்கள். ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு ஒரு பஸ், நிறுத்தத்தில் ஒரு விளக்கு, வண்டி சர்வீஸ் சாலைக்குள் வந்து நிற்பது, இந்த மூன்றும் கிடைத்தால் நான் இதுவரை சொன்னதில் பாதி அறிவுரை தேவைப்படாது.

வருகிற ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபை கூடும். கோயில் திருவிழா, சாக்கடை என்று வழக்கமான பேச்சுக்கு நடுவே இந்த மூன்றையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். எந்த நேரத்துக்கு எத்தனை பேர் எங்கே போகிறீர்கள் என்று பெயரோடு பட்டியல் எழுதி, தீர்மானத்தோடு சேர்த்து ஒரு படியை மாவட்ட ஆட்சியருக்கும் இன்னொன்றைப் போக்குவரத்துக் கழகத்தின் தருமபுரி மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். முதல் கையெழுத்தைப் பெண்கள் போடுங்கள். பதில் வரவில்லையென்றால் மே 1 கிராம சபையில் மறுபடியும் போடுங்கள்.